பழங்காசில் படியும் நிறம்

நாணயம் என்னும் சொல் தமிழில் காசினையும் உணர்த்தும். சொன்ன சொல் தவறாமையையும் உணர்த்தும். ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் முன்னதாகிய காசே. எனினும், காசைக் காத்து வைக்கும் முறையை ஆராயப் புகுந்தால், பின்னதும் இடையே வந்து நிற்கக் காண்கிறோம். தமிழ்த்துறை மலரில் காசுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். எழுத்துப் பொறித்த காசு, கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் போன்றதொரு மூலச் சான்று என்பதே அதற்கு விடை. ஓலையைப் பூச்சி அரிக்காமல் காக்க எண்ணெய் பூசும் முறையைச் சுவடியியல் வகுப்பில் கற்பிக்கும் நாம், காசைக் காக்கும் வழியை மாணவர்க்குச் சொல்லித் தருவதில்லை.

அதன் விளைவை அடிக்கடி காண நேர்கிறது. நம் ஊர்களில் பாட்டனார் காலத்து வெள்ளி ரூபாய்களையும் செப்புக் காசுகளையும் பெட்டியில் பொதிந்து வைத்திருக்கும் இல்லங்கள் பல. கல்லூரியில் கண்காட்சி என்றதும் பெரியவர்கள் மனமுவந்து அவற்றைக் கொடுத்தனுப்புகிறார்கள். கொடுக்குமுன், பார்ப்பவர்க்கு அழகாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். குத்துவிளக்குக்கும் குடத்துக்கும் அது தகும். காசுக்குத் தகாது. ஏன் தகாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், காசின்மேல் படிந்திருப்பது அழுக்கா, வேறொன்றா என்பதை முதலில் தெளிய வேண்டும்.

வெள்ளியின் நிறம்

பொன் காற்றாலும் நீராலும் எளிதில் மாறுவதில்லை. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகள் ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவையாயினும் பொன்னாகவே இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் முகத்தில் காணப்படும் வெட்டுத் தழும்பு மனிதன் உளியால் இட்டதேயன்றிக் காலம் இட்டதன்று. வெள்ளியின் இயல்பு வேறு. அது ஆக்சிஜனோடு எளிதில் சேராது. கந்தகத்தோடு விரைந்து சேரும். காற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளி, ஈரத்தின் துணைகொண்டு வெள்ளியின் மேற்பரப்பைத் தாக்கி வெள்ளி சல்பைடாக மாற்றுகிறது. முட்டை உண்ட வெள்ளிக் கரண்டி கறுப்பதும் இதனாலேயே.

ஆனால் காசு எடுத்த எடுப்பிலேயே கறுத்துவிடுவதில்லை. படலம் மிக மெல்லியதாக இருக்கும்போது வெளிர் பொன்னிறம் தோன்றும். அது தடிக்கத் தடிக்கச் செம்பொன், கருஞ்சிவப்பு, ஊதா, நீலம் என நிறம் மாறிச் செல்லும். மேலும் தடித்தால் மஞ்சளும் பச்சையும் கலந்த சாயல்கள் வந்து, இறுதியில் கருமை நிலைத்துவிடும். இந்நிறங்கள் சாயப் பொருளால் வந்தவை அல்ல. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்திலும் சவர்க்கார நுரையிலும் வானவில் தோன்றுகிறதே, அதே குறுக்கீட்டு விளைவுதான் இங்கும் நிகழ்கிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அதன் அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலந்து, சில நிறங்கள் மங்கச் சில மிகுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர் எனப்படும். இத்தகைய சில பத்துக் கூறுகளின் வேறுபாடே பொன்னிறத்தையும் நீலத்தையும் பிரிக்கிறது.

ஆங்கிலத்தில் இதனை ‘டோனிங்’ என்பர். நிறப்படிவு என்று தமிழில் வழங்கலாம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: படிவு என்பது காசின்மேல் வெளியிலிருந்து வந்து ஒட்டிய பொருள் மட்டுமன்று, காசின் வெள்ளியே உருமாறிய நிலை. ஆகவே படிவை அகற்றுவது காசின் ஒரு பகுதியை அகற்றுவதேயாகும். நகைக்கடைகளில் கறுத்த வெள்ளியைத் தோய்த்தெடுக்கும் நீர்மங்களில் தயோயூரியாவும் அமிலமும் உண்டு. அவை கருமையைக் கரைக்கும்போது அதிலுள்ள வெள்ளியையும் உடன்கொண்டு செல்கின்றன. அச்சிலிருந்து புதிதாய் வெளிவந்த காசில் உலோகம் பாய்ந்த நுண்வரிகளே மினுமினுப்பைத் தருவன. நான்கைந்து முறை தோய்த்தால் அவ்வரிகள் மழுங்கி, காசு ஈயம்போல் வெளிறிவிடும். அலுமினியத் தாளும் சோடா உப்பும் கொண்டு வெந்நீரில் இடும் முறை வெள்ளியைத் திரும்பப் பெறுவது உண்மையே. எனினும் பெற்ற வெள்ளி நுண்துளை மிக்க மங்கலாகப் படியும். கரண்டிக்கு அது போதும்.

நம் வீடுகளில் மிகுதியாக உள்ளது பிரித்தானிய இந்திய ரூபாய். 1835 முதல் ஒரே சீராக வெளிவந்த இக்காசு 180 கிரெயின் எடை, அதாவது 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஒரு ரூபாய் ஒரு தோலா என்று பழைய வணிகர் எடைக்கல்லாகவே இதனைப் பயன்படுத்தினர். ஸகாத்துக்குரிய வெள்ளியின் அளவாகிய 200 திர்ஹம் என்பதை இந்திய ஃபிக்ஹு நூல்கள் ஐம்பத்திரண்டரை தோலா என்று கணக்கிட்டதை நம் பெரியவர்கள் அறிவர். பெட்டியில் அத்தனை வெள்ளி ரூபாய் வைத்திருப்போர் அதுபற்றி ஆலிம்களைக் கேட்டுக்கொள்வது நலம். அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டுச் செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்க்கப்பட்டன. ஆதலால் அதற்குப் பிந்திய காசுகள் வெள்ளியைப் போலவும் கறுக்கும். செம்பைப் போலவும் பழுப்பேறும்.

செம்பின் களிம்பு

செம்பில் களிம்பு உடன்பிறந்ததுபோல் இருப்பதைச் சைவ சித்தாந்திகள் உயிருக்கும் ஆணவத்துக்கும் உவமையாக்கினர். உலோகவியலார் அக்களிம்பையே பல வகையாகப் பிரிப்பர். செம்பின்மேல் முதலில் படியும் சிவந்த ஆக்சைடும் அதன்மேல் வரும் கரிய ஆக்சைடும் இறுகிய படலங்கள். மண்ணில் நெடுங்காலம் கிடந்தால், கரியமில வளியும் ஈரமும் சேர்ந்து மாலகைட் எனப்படும் பச்சைப் படிவை உண்டாக்கும். இவை வழவழப்பாக, கடினமாக, காசோடு ஒன்றியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அடியிலுள்ள உலோகத்துக்கு அவை போர்வை. பழங்காசு திரட்டுவோர் இந்தப் பச்சையைப் பெரிதும் விரும்புவர்.

அஞ்ச வேண்டிய பச்சை வேறொன்று. வெளிறிய நிறத்தில், மாவுபோல், தொட்டால் உதிர்வதாய், புள்ளி புள்ளியாய்க் கிளம்பும். இதனை ‘வெண்கல நோய்’ என்று அருங்காட்சியகத்தார் அழைப்பர். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து படலத்தின் அடியில் பதுங்கியிருக்கும். காற்றில் ஈரம் ஏறியதும் விழித்தெழுந்து செம்பை அரித்து மாவாக்கும். அரிப்பில் வெளிப்படும் அமிலம் மேலும் செம்பைத் தாக்கும். துலக்கினாலும் மறையாது, இரண்டு வாரத்தில் மீண்டும் வரும். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் காப்பான படலத்தைக் கரைத்துவிடுவதால் நோய்க்கு வாயில் திறந்துவிட்டதாகவும் முடியும்; உப்பையும் சேர்த்துத் தேய்த்தால் நோய்க்கு உணவும் கொடுத்தாயிற்று.

கடலோரத்தில் வாழும் நமக்கு இது பிறர் கதை அன்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. இன்னுமொரு சான்று கடலுக்குள்ளிருந்தே வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தின் புழக்கத்துக்காக 1808 ஆம் ஆண்டிட்ட பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்களை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரருகே சோஹோ அக்கசாலையில் அடித்தது. ஒருபுறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்தில் மதிப்பு. அவற்றை ஏற்றிப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்னும் கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கிற்று. 1980-களில் மூழ்குவோர் இலட்சக்கணக்கில் அவற்றை மேலே கொணர்ந்தனர். நம் பாட்டன்மார் கைக்கு வரவேண்டிய காசு, நூற்றெழுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலுப்பில் ஊறி, உலகெங்கும் திரட்டுவோர் கைக்குச் சென்றது. உப்பு நீக்கப்படாத கடற்காசை ஈரமான ஊரில் திறந்து வைத்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெண்கல நோய் கண்ட காசைத் தனியே பிரித்து, உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். சார்பு ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அரிப்பு உறங்கிவிடும். முழுமையான மருத்துவம் வல்லுநர் கையில். குளோரைடை வெளியேற்ற சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கரைசலை மாற்றிக்கொண்டே இருப்பது பழைய முறை. பென்சோடிரையசோல் கொண்டு செம்பின் மேற்பரப்பைக் கட்டிவைப்பது 1967-இல் மேட்சன் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவிய முறை. இப்பொருளைக் கையாளுவதில் உடல்நலக் கேடு உண்டாதலின் வகுப்பறையில் செய்து பார்க்கலாகாது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-களிலேயே வேதியியல் பாதுகாப்புப் பிரிவை வளர்த்து, களிம்பேறிய வெண்கலப் படிமங்களை மின்பகுப்பால் மீட்டவர் எஸ். பரமசிவன். நம் மாநிலத்துக்கு இத்துறையில் இத்தகைய முன்னோடி ஒருவர் இருந்தார் என்பதை வேதியியல் மாணவர் பலரும் அறியாதிருப்பது வியப்பே.

துலக்கினால் அழியும் சான்று

மதுரையில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா டில்லி ஆட்சியிலிருந்து விலகித் தன்னாட்சி கண்டது ஏறத்தாழ 1335-இல். அவர்வழி வந்த சுல்தான்கள் எழுதிவைத்த அரச வரலாறு எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அஹ்ஸன் ஷாவின் மகளை மணந்த இப்னு பதூதாவின் பயணக் குறிப்பு ஒருபுறம். வென்ற தரப்பில் கங்காதேவி வடமொழியில் பாடிய மதுரா விஜயம் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே ஆண்டுக் கணக்கைத் தருவன அச்சுல்தான்களின் காசுகளே. ஹூல்ஷ் 1909-இல் அவற்றை முறையாகப் படித்து வெளியிட்டார். இறுதி சுல்தான் அலாவுத்தீன் சிக்கந்தர் ஷாவின் காசில் ஹிஜ்ரி 779 என்னும் ஆண்டு காணப்படுகிறது, அது கி.பி. 1377-78 ஆகும். மதுரையில் சுல்தானியர் ஆட்சி அதுவரை பெயரளவிலேனும் இருந்தது என்று சொல்ல நமக்குள்ள சான்று சுண்டுவிரல் நகமளவுக் காசில் உள்ள அச்சில எண்களே.

இக்காசுகளிற் பல செம்பு. பல வெள்ளி சிறிதே கலந்த செம்பு. பின்னைய வகையில் வெள்ளி மேற்பரப்பில் மெல்லிய தோலாகச் செறிந்திருப்பதுண்டு. சாம்பலிட்டுத் தேய்த்தால் முதலில் போவது அத்தோல். அடுத்துப் போவது எழுத்தின் விளிம்பு. எழுத்தும் எண்ணும் போனபின் அது எவர் காசு என்று யார் கூறவல்லார்?

சங்ககாலக் காசுகளுக்கும் இது பொருந்தும். ‘பெருவழுதி’ என்னும் பெயரைத் தமிழ் பிராமியில் தாங்கிய சதுரச் செப்புக் காசை 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அறிவுலகுக்கு அளித்தார். கரூரில் கிடைத்த ‘மாக்கோதை’ வெள்ளிக் காசு முதலியவற்றையும் சேர்த்து 1997-இல் சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றி நூலாக்கினார். பாட்டில் மட்டும் அறிந்திருந்த வழுதியும் கோதையும் உலோகத்தில் பெயர் பொறித்தவராய் நின்றனர். ஆற்று மணலில் களிம்பேறிக் கிடக்கும் காசுகள் பழைய பாத்திரக் கடையில் எடைக்கு விலைபோய் உலைக்குப் போவது வழக்கம். எழுத்துள்ள ஒன்று உலைக்குத் தப்பினாலும், வாங்கியவர் கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தால் அதன் கதை அன்றே முடிந்திருக்கும்.

விக்டோரியா ரூபாயில் இன்னும் நுட்பமான செய்தி உண்டு. 1862 என்ற ஆண்டையே மாற்றாமல் 1874 வரை ரூபாய் அடித்தனர். உண்மையான ஆண்டைக் குறிக்கப் பின்பக்கத்தில் சிறு புள்ளிகளை இட்டனர் என்று நாணயவியலார் கருதுவர். குண்டூசி முனையளவே உள்ள அப்புள்ளிகள் பாத்திரப் பொடிக்குத் தாங்குமா?

நிறத்துக்கு விலை

அண்மைக் காலத்தில் நிறப்படிவு உள்ள காசுக்கு மிகுந்த விலை கிடைக்கிறது. அமெரிக்கர் இதற்கு வழிகாட்டினர். 1878 முதல் 1904 வரையும் பின் 1921-லும் அடிக்கப்பட்ட மார்கன் வெள்ளி டாலர்கள், ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டப்பட்டுக் கருவூலத்தில் பல பத்தாண்டு கிடந்தன. 1960-களின் தொடக்கத்தில் அவை பெருமளவில் வெளிவந்தபோது, பைத்துணியை ஒட்டியிருந்த காசுகள் ஒருபக்கம் வானவில் நிறமும் மறுபக்கம் வெண்மையும் கொண்டிருந்தன. அழகுக்கு விலை ஏறியது. விலை ஏறியதும் போலி வந்தது. காசைச் சூடேற்றியும் கந்தகப் பொருள்களோடு அடைத்து வைத்தும் சில நாளில் நிறம் வரவழைப்போர் நம் நாட்டிலும் உளர். நாணயம் என்ற சொல்லின் மற்றப் பொருள் இங்கே நினைவுக்கு வருகிறது.

இயற்கைப் படிவில் நிறங்கள் மேலே சொன்ன வரிசையிலேயே, பெரும்பாலும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, ஒன்றிலொன்று கரைந்து செல்லும். சாய்த்துப் பார்த்தால் அடியிலுள்ள மினுமினுப்பு படலத்தின் வழியே சுழன்று தெரியும். செயற்கை நிறம் வரிசை தப்பி, சாயம் ஊற்றியதுபோல் மேலே மிதக்கும்; தேய்ந்த காசின் கீறல்களுக்குள்ளும் ஒரே நிறமாய் ஓடியிருக்கும். ஆயினும் கைதேர்ந்தவரும் ஏமாறுவதுண்டு. நிறத்துக்காக மட்டும் பெருந்தொகை கொடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அழகிய நீலமும் ஒரு நாள் கருமையாகும் வழியில் உள்ளதே.

வைக்கும் முறை

படலத்தை அகற்றவும் கூடாது, வளரவும் விடக்கூடாது என்றால் செய்யத்தக்கது யாது? கந்தகம், உப்பு, ஈரம், அமில ஆவி ஆகிய நான்கையும் விலக்குவதே. கந்தகம் எங்கிருந்து வருகிறது என்பதை வீட்டுக்குள் தேடினால் வியப்பாக இருக்கும். காசுகளைக் கட்டிவைக்கும் ரப்பர் வளையம், கம்பளித் துணி, செய்தித்தாள், பழுப்பேறிய அஞ்சல் உறை எல்லாம் அதற்கு வாயில்கள். ரப்பர் வளையம் வெள்ளி ரூபாயின் குறுக்கே இட்ட கருங்கோடு அழிக்கவே முடியாதது. மரப்பெட்டியும், குறிப்பாக ஒட்டுப்பலகை அலமாரியும், அமில ஆவியை வெளியிடும். இரும்பு பீரோ ஏற்றது. அதனுள்ளும் பாச்சை உருண்டை போட்ட தட்டில் காசை வைக்காதீர்கள்.

மிகப் பெரிய பகைவன் நண்பன் வேடத்தில் வருவது. கடைகளில் விற்கும் மிருதுவான, வாடை வீசும் பிளாஸ்டிக் நாணய ஆல்பங்கள் பெரும்பாலும் பி.வி.சி.யால் ஆனவை. நாட்பட்டால் அவற்றிலிருந்து எண்ணெய்ப் பொருளும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கசிந்து, காசின்மேல் பச்சைப் பிசின்போல் படியும். இதனை அறிய எளிய சோதனை ஒன்று வேதியியல் ஆய்வகத்தில் உண்டு. செப்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் ஒற்றி, மீண்டும் சுடரில் காட்டினால் பச்சைச் சுடர் எழும். எழுந்தால் குளோரின் உண்டு. புகை தீயது, ஆசிரியர் முன்னிலையில் காற்றோட்டமான இடத்தில் செய்க. பிசின் படிந்த காசைத் தூய அசிட்டோனில் தோய்த்து, தேய்க்காமல், காற்றில் உலரவிடலாம். அசிட்டோன் உலோகத்தைத் தாக்குவதில்லை. படிவின் நிறத்தையும் பெரும்பாலும் மாற்றுவதில்லை. தீப்பற்றக்கூடியது என்பதை மட்டும் மறவற்க.

மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறை, அமிலமற்ற அட்டை உறை, இறுக மூடும் தெளிந்த கெட்டிப் பிளாஸ்டிக் குப்பி ஆகியவை பாதுகாப்பானவை. அட்டை உறையில் இடும் கம்பி முள்ளைத் தட்டையாக அமுக்காவிடில் பக்கத்துக் காசைக் கீறும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுக. நீலமாக இருந்த மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது. அடுப்பில் மிதமான சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மாரிக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் இரு வாரத்துக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். காசை எடுக்கும்போது விளிம்பைப் பிடித்து, கீழே மெத்தென்ற துணி விரித்து எடுக்க வேண்டும். வியர்வையில் உப்பும் அமிலமும் உண்டு. இன்று பதிந்த கைரேகை ஓராண்டு கழித்துப் பழுப்புக் கோடாக எழுந்து நிற்கும்.

மண்ணில் புதைந்து கிடைத்த காசாயின் 1878 ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் செல்லும் உறவினர் கையில் பாட்டனார் காசை நினைவுப் பொருளாகக் கொடுத்தனுப்பும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரிக்குத் தரும் காசு நீங்கள் எங்களிடம் ஒப்படைக்கும் அமானிதம். அதனைத் துலக்காமல், எந்நிலையில் பெட்டியில் இருந்ததோ அந்நிலையிலேயே தாருங்கள். சுற்றியிருந்த துணியையும் தாளையும்கூட எறியாதீர்கள். அதில் எழுதிய ஒரு வரி காசைவிட மிகுதியாகச் சொல்லக்கூடும். மாணவர்கள் ஒவ்வொரு காசுக்கும் ஒரு சீட்டு எழுதுக: எடை கிராமில் இரண்டு பதின்மத் தானம் வரை, விட்டம் மில்லிமீட்டரில், இருபக்க நிழற்படம், கிடைத்த ஊர், எவர் வழியாக எந்நாளில் வந்தது, வந்த நாளில் படிவின் நிறம் யாது, மாவுப் பச்சை உண்டா இல்லையா. சீட்டைப் பென்சிலால் எழுதி உறைக்கு வெளியே வைக்க வேண்டும். மையும் பசையும் காசின் அருகே வரலாகாது. ஆறு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் மீண்டும் படம் எடுத்து முந்தைய படத்தோடு வைத்துப் பார்த்தால், நிறம் நகர்ந்திருக்கிறதா, நம் பெட்டி காக்கிறதா கெடுக்கிறதா என்பது தெரிந்துவிடும்.